வெளிப்பாறையில் ஏறுமுன் விழும் இடத்தைப் பாருங்கள்

பெங்களூருவில் விளையாட்டுக் காயங்களுக்கான இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். உள்ளரங்க ஏறுசுவர்களில் நன்றாகப் பழகிவிட்டு, அருகிலுள்ள பாறைப் பகுதிகளான துரஹள்ளிக்கோ ராமநகரத்துக்கோ முதன்முறையாகப் போல்டரிங் (கயிறின்றித் தாழ்வான பாறைகளில் ஏறுவது) செய்யப் போய்வரும் இளைஞர்கள் என்னிடம் கொண்டுவருபவை பெரும்பாலும் பிசகிய கணுக்காலும் வலிக்கும் மோதிர விரலும்தான். ஏறுவதற்கு முன் ஒரு கால் மணி நேரம் பாறையைப் படித்திருந்தால் இவற்றில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

அரங்கில் வண்ணப் பிடிகள் வழிகாட்டும். வெளியில் பிராப்ளம் எனப்படும் ஏறும் பாதை எங்கே தொடங்குகிறது என்பதை, முன்பு ஏறியவர்கள் கை வழுக்காமலிருக்கப் பூசி விட்டுச்சென்ற வெள்ளைச் சாக் தூளையும், மிதிபட்டு இறுகிய அடிமண்ணையும் கொண்டு கண்டறிய வேண்டும். கண்டறிந்ததும் கை வைத்துவிடாமல், பாறையைச் சுற்றி நடந்து இறங்கும் வழியை முதலில் பாருங்கள். முடிந்தால் அவ்வழியே உச்சிக்குப் போய், சருகும் சரளையும் கிடந்தால் அகற்றுங்கள். உச்சி விளிம்பில் உடலைத் தூக்கி நிறுத்தும் அசைவைப் பல அரங்குகளில் பழகவே வாய்ப்பில்லை. வெளியிலோ அது தரையிலிருந்து மிக உயரத்தில், களைத்த கைகளோடு செய்ய வேண்டியதாகிறது. நம் பகுதிக் கருங்கல் தகடு தகடாக உரியும் தன்மையுடையது என்பதால், பிடியைத் தட்டும்போது உள்ளீடற்ற ஓசை கேட்டால் அதை நம்பக் கூடாது.

அடுத்தது விழும் இடம். கிராஷ் பேட் எனப்படும் மெத்தையைத் தொடங்கும் பிடிக்கு நேர் கீழே போடுவதைவிட, கடினமான அசைவில் கை நழுவினால் உடல் எந்தப் பக்கம் வீசப்படும் என்று கணித்து அங்கே போடுவதே சரி. இரு மெத்தைகளுக்கு இடையிலான இடைவெளியில் பாதம் சிக்கித்தான் பல கணுக்கால்கள் மடங்குகின்றன. கீழே நிற்கும் துணைவரின் பணி, விழுபவரின் இடுப்பை மெத்தையின் பக்கம் திருப்பித் தலையையும் முதுகையும் காப்பது. முழு எடையையும் ஏந்த முயன்றால் இருவருக்குமே அடிபடும். விழுபவர் முழங்காலை மடக்கி இரு பாதங்களிலும் இறங்கி உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு உடையலாம்.

விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு விளிம்பை விரல்களை மடக்கி இறுக்கிப் பிடிக்கும்போது, தசைநாணை எலும்போடு அணைத்து வைத்திருக்கும் வளையத் திசுக்களின் மீது, குறிப்பாக விரலின் அடிக்கணுவில் உள்ள ஏ2 வளையத்தின் மீது, பெரும் விசை விழுகிறது. தசை சில மாதங்களில் வலுப்பெற்றாலும் இத்திசுக்கள் மெதுவாகவே வலுப்பெறும். போல்டரிங் பாதைகளின் கடினம் வி0 முதல் மேல்நோக்கித் தரப்படுத்தப்படுகிறது; எனவே அரங்கில் வி3 ஏறுபவர் வெளியில் வி0, வி1 தரத்தில் தொடங்கி, எடையைக் கால்களுக்கு மாற்றப் பழகுவது நல்லது. விரலில் 'டப்' என்ற ஓசை கேட்டால் அன்றைய ஏற்றத்தை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

பிடிமானம் குளிர்ந்த காலைகளில் நன்றாக இருக்கும். பாறைத் தேன்கூடு தென்பட்டால் சத்தமின்றித் திரும்பிவிடுங்கள். ராமநகரத்தில் உள்ள ராமதேவர பெட்டா என்ற குன்று 2012 முதல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயம். எங்கு ஏறலாம் என்பதை வனத்துறையிடம் முன்பே கேட்டறிய வேண்டும்.

விழுந்தபின் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பு முனைகளின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவாமல், அன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.