மாடியில் அல்லித் தொட்டி வைக்கலாம், கொசு வராமல்

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து எனக்கு வரும். "சார், மாடியில் அல்லி, தாமரை எல்லாம் தொட்டியில் வைத்திருக்கிறோம். டெங்கு சீசன் வருகிறது. எடுத்துக் கொட்டிவிடலாமா?" கொசுப்புழு தேடி வீடு வீடாகப் போவதுதான் பூச்சியியல் துறையில் என் வேலை. அதனால் "உடனே கொட்டுங்கள்" என்று நான் சொல்வேன் என்றே கேட்பவர்கள் நினைக்கிறார்கள். கொட்ட வேண்டியதில்லை. மீன் நீந்துகிற, வாரம் ஒருமுறையாவது ஒரு கை படுகிற தொட்டியில் புழு தங்குவது கடினம். ஆனால் எந்தச் செடியை வைக்கிறோம், மீன் போக முடியாத இடம் தொட்டியில் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கும். உற்றுப் பார்த்தால் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கருப்பாகத் தெரியும். அந்த முட்டை காய்ந்தாலும் சாகாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, தண்ணீர் வந்து தொட்டதும் பொரிக்கும். அதனால் தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாடி மூலையில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அடுத்த மழையில் அதே தொட்டியில் புழு நெளியும். காலி செய்கிற தொட்டியைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கவிழ்த்து வைக்க வேண்டும். செடி இருக்கும் தொட்டியிலும் தண்ணீர் விளிம்பை வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் ஒரு சுற்று தேயுங்கள். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க நம் வெயிலில் 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு நாள் என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

"மீன் விட்டிருக்கோமே, அப்புறம் எப்படி சார் புழு வந்தது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. தாமரையையோ அல்லியையோ ஒரு சின்னத் தொட்டியில் சேறு போட்டு நட்டு, அந்தத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி வைப்போம். நடும்போது உள்தொட்டியின் விளிம்பு தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற அந்த விளிம்பு வெளியே தலைகாட்டும். இப்போது உள்தொட்டிச் சேற்றுக்கு மேல் நிற்கும் இரண்டு விரல் தண்ணீர் தனிக் குட்டையாகிவிட்டது. வெளியே மீன்கள் பசியோடு சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே புழு நிம்மதியாக வளரும். பரிசோதனைக்குப் போனால் நான் முதலில் அகப்பையை விடுவது அந்த இடத்தில்தான். உள்தொட்டி விளிம்புக்கு மேல் எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அதேபோல் கரையோரம் இலைகளும், அசோலா என்ற குட்டி மிதவைச் செடியும் நெருக்கியடித்துக் கிடந்தால் மீனால் உள்ளே நுழைய முடியாது. தண்ணீர்ப் பரப்பில் பாதிக்குச் சற்று மேல் இலை மூடியிருந்தால் போதும். பாசி கட்டுப்பட அந்த நிழல் தேவை. அதற்கு மேல் மூடினால் பழுத்த இலைகளைக் காம்போடு கிள்ளி எடுத்துவிடுங்கள்.

மீன் என்று எடுத்துக்கொண்டால் கப்பி நன்றாக வேலை செய்யும். 100 லிட்டர் தொட்டிக்கு ஏழெட்டு போதும், தானாகப் பெருகிவிடும். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன் ஒன்று நம் வாய்க்காலிலும் வயலிலும் மேல்மட்டத்திலேயே நீந்தும். கில்லி மீன் வகையைச் சேர்ந்தது. கிடைத்தால் அதை விடுங்கள். புழுவைத் தின்பதில் அது கெட்டிக்காரன், நம் மண்ணின் மீனும்கூட. கம்பூசியா என்ற வெளிநாட்டு மீனைக் கொசு ஒழிப்புக்காக 1928 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டியோடு இருக்கும் வரை சரி, ஏரியிலோ குளத்திலோ விட்டால் உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் விட்டுவைக்காது. தங்கமீன் சேற்றைக் கிளறி வேரைப் பிடுங்கும், அல்லித் தொட்டிக்கு ஒத்துவராது. எந்த மீனாக இருந்தாலும் தீனியைக் குறையுங்கள். வயிறு நிறைய உருண்டை தின்ற மீன் புழுவைத் தேடிப் போகாது.

இப்போது மேசை மேல் வைக்கும் அளவில் குட்டித் தாமரைக் கிண்ணங்கள் விற்பனைக்கு வருகின்றன. பார்க்க அழகு. ஆனால் சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் சுடும், மீன் பிழைக்காது. அப்படிப்பட்ட கிண்ணத்தை வாரம் ஒருமுறை தோட்டத்துக்கோ காய்ந்த மண் தரைக்கோ எடுத்துப் போய், குழாயைத் திறந்து தண்ணீர் வழிந்தோட விடுங்கள். புழு தரையில் விழுந்து செத்துப்போகும். அது முடியாதவர்கள் பிடிஐ என்ற உயிரி மருந்தைப் பாக்கெட்டில் உள்ள அளவுப்படி போடலாம். 1976இல் இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் கண்டுபிடித்த ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து செய்வது அது. புழுவின் குடலைத்தான் அழிக்கும், மீனுக்கும் செடிக்கும் கேடில்லை. மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். புழுவோடு மீனும் போய்விடும், அல்லி இலையும் கருகிவிடும்.

இனி என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது மிதக்கும் செடிகள்.

ஏரியை ஒட்டிய ஒரு வீட்டில் முற்றத்துத் தொட்டி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, கப்பி நிறைய இருந்தது. அகப்பையில் மொண்டு பார்த்தால் ஒரு புழுகூட இல்லை. "பாத்தீங்களா சார், சுத்தமா வச்சிருக்கோம்" என்றார் அந்த அம்மா. உண்மையாகவே சுத்தமாகத்தான் வைத்திருந்தார். தொட்டியில் ஆகாயத்தாமரை மிதந்துகொண்டிருந்தது. நர்சரியில் வாட்டர் லெட்டூஸ் என்று விற்பார்களே, சின்ன முட்டைக்கோஸ் விரிந்ததுபோல, இலை மேல் வெல்வெட்டாக இருக்கும் செடி. அதில் ஒன்றை மெதுவாகத் தூக்கி, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் வேரை நன்றாக உதறினேன். கொஞ்ச நேரம் குப்பை மட்டும்தான் தெரிந்தது. பிறகு அந்தக் குப்பையில் சில துணுக்குகள் நெளிய ஆரம்பித்தன. அந்த அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார்.

அவை மான்சோனியா கொசுவின் புழுக்கள். மற்ற கொசுப்புழுக்கள் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். அப்போதுதான் மீன் வாயில் சிக்கும். மான்சோனியா மேலே வராது. ரம்பம் போன்ற முனையுள்ள சுவாசக் குழலை ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை போன்ற செடிகளின் வேரில் குத்திக்கொண்டு, வேருக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சி வாழும். வேர்க்கற்றைக்குள் ஒளிந்திருப்பதை மீனும் பார்க்காது, நம் அகப்பையிலும் வராது. கேரளத்தில் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்த இனம்தான். 1980களில் புதுச்சேரியில் உள்ள கொசுவழி நோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அங்கே வேலை செய்தபோது, குளங்களிலிருந்து இந்தச் செடிகளை அகற்றி மீன் வளர்க்கச் சொல்லி மக்களைச் சேர்த்துக்கொண்டது. செடி போனால் கொசு போய்விடும் என்பதே அதன் அடிப்படை. எல்லா மொட்டை மாடியிலும் மான்சோனியா வரும் என்று பயமுறுத்தவில்லை. ஏரி, வயல், சதுப்பு அருகே வீடு இருந்தால் ஆகாயத்தாமரை உங்கள் தொட்டிக்கு வேண்டாம்.

வெங்காயத்தாமரையை எங்கே இருந்தாலும் வைக்காதீர்கள். காம்பு வெங்காயம்போல் உப்பி, பூ ஊதாவாக இருக்கும். அமேசான் படுகையிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூ அழகுக்காகத்தான் அதை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் ஏரிகளை மூடிக் கிடப்பது அதன் வாரிசுகள்தான். நல்ல வெயிலும் சாக்கடை உரமும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். சால்வீனியாவும் இதே ரகம், பிரேசில் பக்கத்துச் செடி. கேரள நீர்நிலைகளை அது மூடியபோது அதைத் தின்னும் வண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட வேண்டியிருந்தது.

2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஆவளப்பாண்டி என்ற இடத்தில் ஒரு வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தது. படம் பரவி, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பூத்தது கபோம்பா, மீன்தொட்டிக்காக விற்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. பார்க்க வந்தவர்கள் சிலர் கொத்தாகப் பிடுங்கி வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள். ஒரு தண்டுத் துண்டு போதும், அது அடுத்த குளத்தில் வேர்விட.

சரி, எதைத்தான் வளர்ப்பது? வெள்ளை அல்லி, செவ்வல்லி, நீல நெய்தல் மூன்றும் நம் நீர்நிலைகளின் செடிகள், தொட்டியிலும் நன்றாக வரும். வெள்ளை அல்லி இரவில் மலர்ந்து காலையில் கூம்பும், நெய்தல் பகலில் மலரும். தண்ணீருக்குள் வேலம்பாசி ஒரு கொத்து, ஓரத்தில் சேறு வைத்து நீர்ப்பிரமியும் வசம்பும். ஆராக்கீரை வைத்தால் சமையலுக்கும் ஆகும். தாமரைக்கு அகலமான, வட்டமான, ஓட்டை இல்லாத தொட்டி வேண்டும். கிழங்கு சுற்றிச் சுற்றி ஓடும், மூலையுள்ள தொட்டியில் முட்டி நின்றுவிடும். நடும்போது கிழங்கின் கூர்முனை ஒடிந்தால் அந்த முனையிலிருந்து வளர்ச்சி வராது, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள்.

தாமரை விதையில் ஏமாறுகிறவர்கள் நிறைய. தாமரை வெள்ளையிலும் சிவப்புச் சாயல்களிலும் மஞ்சளிலும்தான் பூக்கும், நீலத்தில் தாமரை கிடையாது. நீல விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நல்ல விதை என்றால் ஓட்டை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் தண்ணீரில் போட்டால் முளைத்துவிடும். அந்த ஓடு அவ்வளவு உறுதியானது. சீனாவில் ஓர் ஏரிப் படுகையில் கிடைத்த சுமார் 1300 வருடப் பழைய விதையே முளைத்திருக்கிறது. ஆனால் விதையிலிருந்து வந்த செடி முதல் வருடம் பூக்காமலே போகலாம், தாய்ச்செடியின் நிறமும் வராது. பூ வேண்டும் என்றால் கிழங்கு வாங்குங்கள்.

மண்ணுக்கு வயல் களிமண் போதும். தென்னை நார்த்தூள் மிதந்து தண்ணீரைக் கெடுக்கும். அடியில் நன்றாக மக்கிய சாணம் ஒரு கைப்பிடி, மேலே களிமண், அதன் மேல் ஒரு விரல் மணல். உரம் கொடுப்பதென்றால் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து வேரோரம் சேற்றுக்குள் அமுக்குங்கள். தண்ணீரில் தூவினால் வளர்வது பாசிதான். ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் இல்லாத இடத்தில் இலை வரும், பூ வராது. முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாக மாறும். அதைப் பார்த்துப் பயந்து முழுவதும் மாற்றினால் திரும்பவும் பச்சையாகும். பொறுத்திருங்கள், இலை மூடியதும் தானாகத் தெளியும். புதுச் சிமெண்ட் தொட்டியில் மட்டும் சுண்ணாம்பு இறங்கும். இரண்டு வாரம் தண்ணீர் நிரப்பி மாற்றி ஊறவைத்த பிறகே மீன் விடுங்கள்.

மூன்றடி அகலம், ஒன்றரையடி உயரத் தொட்டி சுமார் 300 லிட்டர் பிடிக்கும். அதாவது 300 கிலோ, மண்ணின் எடை தனி. மாடியின் நடுவில் வைக்காமல் சுவரோ பீமோ தாங்கும் இடத்தில் வையுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மேலே இரும்பு வலை கட்டாயம். ஒரு சாண் தண்ணீர்கூடக் குழந்தைக்கு ஆபத்து.

பெருமழையில் தொட்டி நிரம்பி வழியும். வழியும் துளைக்குச் சன்னமான வலை கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மீன்குஞ்சும் செடித் துண்டும் மழைநீர் வடிகால் வழியாக ஏரிக்குப் போய்விடும். மிஞ்சிய செடியைச் சாக்கடையிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டாமல், மாடித் தரையில் பரப்பி மொறுமொறுவென்று காயவிட்டு உரக்குழியில் போடுங்கள். பாசி தின்னட்டும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்து இடம் போதாமல் தவிக்கும், அதையும் ஏரியில் விடாதீர்கள். நம் ஏரிகளில் வலைபோடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், முள்ளும் ஓடுமாக அது வலையைக் கிழிக்கும் கதையைச் சொல்வார்கள். கூரியரில் வரும் கிழங்கோடு இலவசமாக ஒரு கொத்து மிதவைச் செடி வைத்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது. அதைத் தொட்டியில் போடாமல் நேராக வெயிலில் காயவிடுங்கள். நீங்களே நண்பர்களுக்குக் கிழங்கு அனுப்புகிறவராக இருந்தால், நத்தை முட்டையும் பாசித் துண்டும் நீங்கும்படி நன்றாக அலசி, ஈரத்துணியில் சுற்றிக் கிழங்கை மட்டும் அனுப்புங்கள்.