கொப்பெர்னிக்: சதகுப்பையா, செம்பா?

கொப்பெர்னிக்: போலந்து மொழிக் குடும்பப்பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் இன்று ஒரே வடிவம். பொருள்: கொப்பெர்னிக் என்ற ஊரைச் சேர்ந்தவர். இலத்தீன் வடிவம்: கொப்பெர்னிக்குஸ். தமிழ் வழக்கு: கோப்பர்னிக்கஸ்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய வானியலாளரைப் போலந்தில் யாரும் கோப்பர்னிக்கஸ் என்று சொல்வதில்லை. அங்கே அவர் மிக்கொவாய் கொப்பெர்னிக். கடைசியில் வரும் 'உஸ்' அந்தக் காலத்துப் படிப்பாளிகள் தங்கள் பெயருக்கு ஒட்டிக்கொண்ட இலத்தீன் விகுதி. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஓர் ஊரின் பெயர். உலகமே அறிந்த பெயர் என்றாலும், இதைக் குடும்பப்பெயராகத் தாங்கியவர்கள் போலந்தில் மிகச் சிலரே.

ஊர் இப்போதும் இருக்கிறது. தென்மேற்குப் போலந்தில், சிலேசியா வட்டாரத்தில், நிசா நகரிலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள சிற்றூர். அங்கிருந்து இன்னொரு 10 கிலோமீட்டர் போனால் செக் நாட்டு எல்லை. இன்றைய பெயர் கொப்பெர்னிக்கி. இது பன்மை வடிவம். 1845க்கு முந்தைய ஆவணங்களில் கொப்பெர்னிக், கொப்பிர்னிக் என்று ஒருமையாகவே பெரும்பாலும் வரும். இடைக்காலத்தில் ஊரை விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்தவரை அவருடைய ஊர்ப்பெயரால் அழைப்பது வழக்கம். க்ராக்கூவ் நகரப் பதிவுகளில் 1350ஐ ஒட்டியே இந்தப் பெயர் தென்படுகிறது. வானியலாளரின் கொள்ளுத்தாத்தா 1386இல் அந்நகரின் குடியுரிமை பெற்றதாகப் பதிவு உண்டு.

ஆக, குடும்பப்பெயரின் பொருள் ஊரோடு முடிந்துவிடுகிறது. சண்டை ஊர்ப்பெயரின் பொருளைப் பற்றித்தான்.

சொல்லை இரண்டாகப் பிரித்தால் கொப்பெர் + னிக். பின்பாதியில் குழப்பம் இல்லை. 'னிக்' ஸ்லாவிய மொழிகளில் ஒரு பொருளோடோ வேலையோடோ தொடர்புள்ளவரைக் குறிக்கும் விகுதி. தமிழில் 'காரர்' செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. ஒக்ருத் என்றால் தோட்டம், ஒக்ரொத்னிக் தோட்டக்காரர். கூரா மலை, கூர்னிக் சுரங்கத் தொழிலாளி. ஸ்வொத்தோ தங்கம், ஸ்வொத்னிக் பொற்கொல்லர். இதையே பன்மையாக்கினால் ஊர்ப்பெயர் கிடைக்கும்: ஸ்வொத்னிக்கி என்ற பெயரில் போலந்தில் ஊர்கள் பல. இடைக்காலத்தில் ஒரு தொழில் செய்வோர் கூட்டமாகக் குடியிருந்த ஊருக்கு அத்தொழிலின் பெயரே வாய்த்தது. கொப்பெர்னிக்கி அந்த அச்சில் வார்த்த பெயர்தான்.

முன்பாதிக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. போலந்து மொழியில் கொப்பெர் என்றால் சதகுப்பை. நாட்டு மருந்துக் கடையில் விதையாக நாம் வாங்குவதை அவர்கள் பச்சை இலையாகவே சமையலில் போடுவார்கள். வெள்ளரிக்காய் ஊறுகாயும் புது உருளைக்கிழங்கும் அது இல்லாமல் இறங்காது. இப்படிப் பார்த்தால் ஊர் சதகுப்பை பயிரிட்டவர்களின் ஊர். இரண்டாவது விளக்கம், செம்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான குப்ஃபர். அதன்படி ஊர் செம்பு வேலை செய்தவர்களின் ஊர். சிலேசியாவில் ஸ்லாவியப் பேச்சும் ஜெர்மன் பேச்சும் பல நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று புழங்கியவை. அதனால் இரண்டாவது விளக்கத்தையும் எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

எனினும் செம்பின் பக்கம் கொஞ்சம் தொய்வுதான். செம்புக்குப் போலந்து மொழியில் சொந்தச் சொல் மியெச். செம்பு வேலைக்காரரை ஸ்லாவிய விகுதியோடு சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஜெர்மன் சொல்லில் 'னிக்' ஒட்டுவானேன்? ஜெர்மன் சொல் போலந்து மொழிக்குள் நுழையவே இல்லை என்று வாதிடவும் முடியாது. துத்தம் முதலான உப்புகளைக் குறிக்கும் கொப்பெர்வாஸ் என்ற போலந்துச் சொல் ஜெர்மன் குப்ஃபர்வாஸரிலிருந்து வந்ததே. இருந்தாலும் அது சொல் முழுதாக வந்த கடன்; பாதியை மட்டும் வாங்கி உள்ளூர் விகுதியோடு கட்டியது அல்ல. செடியின் பக்கத்துக்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. பக்கத்து மொழியான செக்கில் கொப்ர்னீக் என்பது சதகுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மலைச்செடியின் பெயர். எல்லைக்கு அப்பால் யெசெனீக் மலைத்தொடரில் 1423 மீட்டர் உயரச் சிகரம் ஒன்றின் பெயர் கெப்ர்னீக். இவற்றை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் தராசு செடியின் பக்கம் சாய்கிறது.

செம்பு விளக்கம் இவ்வளவு பரவியதற்குக் காரணம் வானியலாளரின் தந்தை. அவர் க்ராக்கூவிலிருந்து செம்பு வாங்கி க்தான்ஸ்க் துறைமுகத்தில் விற்ற பெருவணிகர். 1458 வாக்கில் தொருன் நகருக்குக் குடிபெயர்ந்தார். செம்பு வணிகர், பெயரில் கொப்பெர் என்று பார்த்ததும் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்: அவர் செம்பு விற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெயர் க்ராக்கூவில் இருந்தது. பரம்பரைப் பெயருக்கு அதைத் தாங்கிய ஒருவரின் தொழிலை வைத்துப் பொருள் சொல்வது குடும்பப்பெயர் ஆய்வில் அடிக்கடி நடக்கும் தவறு. பெயரின் முதல் பதிவைத் தேடி, அதற்கு முந்தைய காலத்துச் செய்தியை மட்டுமே சான்றாக எடுக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் அந்தக் காலத்து ஆவணங்கள் பெரிய கூத்து. 1480ஐ ஒட்டித் தொருன் பதிவில் தந்தை பெயர் நிக்ளாஸ் கொப்பெர்னிக். ரோம எழுத்தில் 'பி' இரண்டு, கடைசியில் 'ஜி'யும் 'கே'யும் சேர்ந்து நிற்கும். மகன் க்ராக்கூவில் படிக்கும்போது குடும்பப்பெயரே போடாமல், 'தொருன் நிக்கொலாஸின் மகன் நிக்கொலாஸ்' என்ற பொருள்பட இலத்தீனில் எழுதிக்கொண்டார். 1496இல் இத்தாலியின் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய மாணவர் குழுவின் ஏட்டில் அவர் கொப்பெர்லிங்க் ஆகிவிட்டார். எதிரே 9 க்ரொஸ்ஸெத்தி காசு செலுத்தியதாகக் குறிப்பு. இன்னொரு இத்தாலிய நகரான பாதுவாவில் கொப்பெர்னிக் என்றும், பிறகு கொப்பெர்னிக்குஸ் என்றும் கையெழுத்திட்டார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 31 ஆவணங்களில் 23இல் இரட்டை 'பி', முதுமையில் ஒற்றை. 1543இல் நியூரம்பெர்கில் அச்சான அவருடைய வானியல் நூலின் முகப்பில் இருப்பது கொப்பெர்னிச்சி. அது புதிய பெயர் அன்று. 'கொப்பெர்னிக்குஸின்' என்ற இலத்தீன் ஆறாம் வேற்றுமை.

எழுத்தின் எண்ணிக்கைக்கு அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்பட்டவர்கள் பிற்காலத்தவர். 19ஆம் நூற்றாண்டில் அவர் ஜெர்மானியரா போலந்துக்காரரா என்ற பூசல் மூண்டபோது, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த தொருனின் ஜெர்மன் அறிஞர் சங்கம் தன் பெயரில் இரட்டை 'பி' வைத்துக்கொண்டது. வார்சாவில் டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சென் செய்து 1830இல் நிறுவிய கோப்பர்னிக்கஸ் சிலையின் பீடத்தில், ஒரு பக்கம் இலத்தீனிலும் மறுபக்கம் போலந்து மொழியிலும் பெயர் பொறித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் போலந்துக் கல்வெட்டை மறைத்து ஜெர்மன் பலகை மாட்ட, 1942 பிப்ரவரியில் தலைமறைவு இளைஞர் ஒருவர் அதைக் கழற்றிக்கொண்டு போனார்.

அந்தக் கல்வெட்டின் போலந்து வரி 'மிக்கொவாயொவி கொப்பெர்னிக்கொவி' என்று தொடங்கும். போலந்து மொழியில் ஆட்பெயரும் வேற்றுமை உருபு ஏற்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். கொப்பெர்னிக்கொவி என்றால் கொப்பெர்னிக்குக்கு. தெருப்பலகையில் காணும் கொப்பெர்னிக்கா என்றால் கொப்பெர்னிக்கின். தொருன் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் அதுவே. கொப்பெர்னிக்கியெம் என்றால் கொப்பெர்னிக்கால், கொப்பெர்னிக்கோடு. குடும்பத்தார் எல்லாரையும் சேர்த்துச் சொன்னால் கொப்பெர்னிக்கொவியே. தமிழில் எழுதும்போது எழுவாய் வடிவத்துக்குத் திருப்பி, அதன்மேல் நம் உருபைச் சேர்க்க வேண்டும். 'கொப்பெர்னிக்கா தெரு' என்று எழுதினால் உருபின்மேல் இன்னொரு பெயரைக் கட்டியதாகிவிடும்.

பெண்பாலுக்கு வேறு கணக்கு. கொவல்ஸ்கி போன்ற 'ஸ்கி' பெயர்கள் இலக்கணப்படி பெயரடைகள். பெண்ணுக்குக் கொவல்ஸ்கா ஆகும். கொப்பெர்னிக் பெயர்ச்சொல் என்பதால் அப்படி மாறாது. முற்காலத்தில் மனைவிக்குக் கொப்பெர்னிக்கொவா, மணமாகாத மகளுக்குக் கொப்பெர்னிக்கூவ்னா என்று விகுதி சேர்த்தார்கள். இன்று அரசுப் பதிவில் பெண்ணும் கொப்பெர்னிக்தான், உருபும் ஏற்காது. பழைய தேவாலயப் பதிவில் மேற்சொன்ன இரு வடிவங்களைக் கண்டால் தனிக் குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. கொப்பெர்னித்ஸ்கி மட்டும் வேறு பெயர். 19ஆம் நூற்றாண்டு மானிடவியலாளர் இசிதோர் கொப்பெர்னித்ஸ்கியின் பெயர் அது. அடிச்சொல் ஒன்றானாலும் விகுதி வேறு.

எவ்வளவு அரிது என்பதை அளக்க வழி இருக்கிறது. போலந்தில் ஒவ்வொரு குடிமகனுக்கும் பெசெல் என்ற அடையாள எண் உண்டு. அந்தப் பதிவேட்டிலிருந்து எந்தக் குடும்பப்பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அரசு பட்டியல் வெளியிடுகிறது. ஆண் பட்டியல் ஒன்று, பெண் பட்டியல் ஒன்று. முதலிடத்தில் நொவாக்; 'புதிதாக வந்தவர்' என்று பொருள், 2 லட்சம் பேருக்கு மேல். கொப்பெர்னிக்கைத் தேட வெகுதூரம் கீழே போக வேண்டும். இரண்டு பட்டியலிலும் பார்த்துக் கூட்டாமல் விட்டால் கணக்கு பாதியாகிவிடும். வரிசை எண்ணையும் ஆள் எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது: பட்டியலின் அடிப்பகுதியில் ஒரே எண்ணிக்கையுடன் நூற்றுக்கணக்கான பெயர்கள் நிற்கும், அங்கே வரிசை எண்ணுக்குப் பொருளே இல்லை. வட்டாரப் பரவலுக்குக் காசிமியெஷ் ரிமுத் 1992 முதல் 1994 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட குடும்பப்பெயர் அகராதியைப் பார்க்கலாம். அதில் இருப்பது அன்றைய 49 மாகாணங்களின் கணக்கு. இன்று மாகாணங்கள் 16 என்பதால் பழைய எல்லையை வைத்தே படிக்க வேண்டும்.

அரிதாக இருப்பதற்குக் காரணம் எளிது. கொல்லர் எல்லா ஊரிலும் இருந்தார்கள், அதனால் கொவல்ஸ்கிகள் எங்கும் முளைத்தார்கள். கொப்பெர்னிக் ஒரு சிற்றூரிலிருந்து கிளம்பிய பெயர். வானியலாளரின் கிளையிலும் பெயர் தொடரவில்லை. அவரும் அண்ணன் அந்திஷெயும் தேவாலயப் பொறுப்பில் இருந்தவர்கள். ஒரு சகோதரி துறவியானார். இன்னொரு சகோதரியான கத்தஷினா, கெர்ட்னர் என்ற வணிகரை மணந்தார்; அவருடைய ஐந்து பிள்ளைகளுக்கும் தந்தை வழிப் பெயர். எனவே இன்று கொப்பெர்னிக் என்ற பெயருள்ள யாரும் பெயரை மட்டும் வைத்து அவருடைய வாரிசு என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஊரிலிருந்து வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நகரங்களுக்குப் போன, ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களுக்கும் இதே பெயர் வாய்த்திருக்கும்.

வம்சாவளி தேடுபவர் பதிவின் மொழியையும் கவனிக்க வேண்டும். போலந்து அண்டை அரசுகளிடம் பங்குபோயிருந்த காலம் அது. ரஷ்ய ஆட்சியில் இருந்த பகுதியில் 1868 முதல் முதல் உலகப்போர்க் காலம் வரை பதிவுகள் ரஷ்ய மொழியில், சிரில்லிய எழுத்தில். பிரஷ்யப் பகுதியில் 1874 அக்டோபரில் குடிமைப் பதிவு தொடங்கியது. அது ஜெர்மன் மொழியில். அதற்கு முந்தைய கத்தோலிக்கப் பதிவு பெரும்பாலும் இலத்தீனில். ஆகவே 'கே'யில் தேடிக் கிடைக்காவிட்டால் 'சி'யிலும், ஒற்றை 'பி'யில் கிடைக்காவிட்டால் இரட்டையிலும் தேட வேண்டும்.

இனித் தமிழில் எப்படி எழுதுவது? போலந்து ஒலிப்பில் 'ஒ'வும் 'எ'யும் குறில்கள், அழுத்தம் நடு அசையில். அதனால் போலந்துக் குடும்பப்பெயராகக் குறிக்கும் இடத்தில் 'கொப்பெர்னிக்' சரி. இங்கே 'ப்ப' இரட்டித்திருப்பதற்கும் இரட்டை 'பி' வழக்குக்கும் தொடர்பில்லை. உயிர்களுக்கு நடுவே ஒற்றைப் பகரம் தமிழில் மென்மையாக ஒலித்துவிடும்; வல்லொலிக்காகவே இரட்டிக்கிறோம். 'கோப்பர்னிகஸ்' என்று ககரத்தை ஒற்றையாக விடுவதும் இதே காரணத்தால் பிழை. 'கோப்பர்னிக்கஸ்' என்றே எழுத வேண்டும். வானியலாளரைக் குறிக்க, நெட்டுயிரோடு ஊன்றிவிட்ட இந்த வழக்கு வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம். அதை இப்போது திருத்தப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும்.

பொருளைத் தமிழில் சொல்ல வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயருக்குச் 'சதகுப்பைக்காரர் ஊர்' என்றும், குடும்பப்பெயருக்குக் 'கொப்பெர்னிக் ஊரார்' என்றும் எழுதலாம். குடும்பப்பெயரையே 'சதகுப்பையர்' என்று பெயர்த்துவிடுவது வேண்டாத வேலை. நஸ்விஸ்கோ என்ற போலந்துச் சொல்லுக்கும் 'குடும்பப்பெயர்' போதும். 'குலப்பெயர்' என்று எழுதினால், ஒரே மரபுச்சின்னத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட போலந்துப் பிரபுக்களின் குல அமைப்போடு அது கலந்துவிடும்.

112ஆம் தனிமத்துக்கு 2010 பிப்ரவரி 19ஆம் தேதி, வானியலாளரின் பிறந்தநாளில், கோப்பர்னீசியம் என்று பெயர் சூட்டினார்கள். முதலில் முன்மொழிந்த குறியீடு 'சிபி'. லுட்டேசியத்துக்கு முன்பு வழங்கிய காசியோப்பியம் என்ற பெயருக்கு அதே குறியீடு இருந்ததால் 'சிஎன்' என்று மாற்றினார்கள்.