கம்போசர்: ஏரன் கோப்லண்டைத் தமிழில் என்னவென்று அழைப்பது?

ஏரன் கோப்லண்டைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சொல் காலை இடறுகிறது. 1900இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து 1990இல் மறைந்த அமெரிக்கர் அவர். தொழில், கம்போசர்; அதாவது மேற்கத்திய இசையை உருவாக்கி எழுதித் தருபவர். சரி, தமிழில்? 'இசையமைப்பாளர்' என்றால் சினிமாவுக்குப் பாட்டுப் போடுகிறவர் கண்முன் வந்து நிற்கிறார். 'சாகித்யகர்த்தா' என்றால் கீர்த்தனை நினைவுக்கு வருகிறது. 'கம்போசர்' என்றே விட்டுவிட எனக்கு மனமில்லை.

சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீனில் 'கொம்' என்றால் சேர்த்து, 'போனெரே' என்றால் வைத்தல். இரண்டும் கூடிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, கம்போசர் என்பவர் சேர்த்து வைப்பவர். தோட்டத்துக்குப் போடும் கம்போஸ்ட்டும் இதே வேரில் பிறந்ததுதான். இலை, சாணம், காய்கறித் தோல் எல்லாம் சேர்த்துப் போட்டு மட்க வைப்பது.

இந்தச் சொல்லின் உறவுக்காரர் ஒருவர் தமிழ்நாட்டுத் தெருக்களில் வெகுகாலம் இருந்தார். அச்சகத்துக் கம்பாசிட்டர். சின்ன வயதில் எங்கள் தெரு அச்சகத்தின் ஜன்னலோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இடது கையில் ஸ்டிக், எழுத்துகளை வரிசையாக அடுக்கும் சின்னத் தட்டு. வலது கை, எதிரே சரிந்து நிற்கும் கேஸின் குழிகளுக்குள் போய்ப் போய் ஒவ்வொரு ஈய எழுத்தாக எடுத்து வரும். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும்; அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த வேலைக்குத் தமிழ் தந்த பெயர் அச்சுக் கோத்தல். எழுத்து அவர் செய்ததில்லை, சேர்க்கை மட்டும் அவருடையது. கம்போசருக்கும் இது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். 'வாக்கேயக்காரர்' என்பது வாக்கும் கேயமும், அதாவது சொல்லும் இசையும், தாமே செய்பவருக்கு உரிய பெயர். தியாகராஜருக்கு அது பொருந்தும். கோப்லண்டின் பெரிய ஆக்கங்களில் பலவற்றில் சொல்லே கிடையாது, வெறும் வாத்தியங்கள்தான். 'சாகித்யகர்த்தா'வும் இதே காரணத்தால் போகிறது. மிஞ்சுபவை இரண்டு: இசை இயற்றுநர், இசையமைப்பாளர். 'இயற்றுநர்' கம்பீரமான சொல். சில காலம் நானும் அதன் பக்கம்தான் இருந்தேன். என் மனதை மாற்றியது கோப்லண்டின் ஒரே ஓர் ஆக்கம், 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'.

நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமுக்காக எழுதியது அது. எலிசபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் என்ற புரவலரின் அறக்கட்டளை எழுதச் சொல்லி, வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்து அரங்கில் 1944 அக்டோபர் 30 அன்று அரங்கேறியது. அரங்கு சிறியது. அதனால் 13 வாத்தியங்களோடு நிறுத்திக்கொண்டார்: ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், ஒரு பசூன், ஒரு பியானோ, நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பேஸ். எழுதி முடிக்கும்வரை அவர் வைத்திருந்த பெயர் 'மார்த்தாவுக்கான பாலே' என்பதுதான். இப்போதுள்ள பெயர் பின்னால் கிரகாம் சூட்டியது.

அதன் பிற்பகுதியில் கிளாரினெட் தனியாக ஒரு மெட்டை எடுக்கும். எளிமையான, நடந்துபோகிற மெட்டு. அது கோப்லண்டுடையது கிடையாது. ஷேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஜோசப் பிராக்கெட் 1848இல் செய்த பாட்டு. கோப்லண்ட் அதை எடுத்து வைத்து, வேகம் மாற்றி, வாத்தியம் மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கடைசியில் எல்லாக் கருவிகளும் சேர்ந்து அகலமாக முழங்கும் இடம்வரை கொண்டுபோகிறார். 1945இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த மெட்டை அவர் 'இயற்றினார்' என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அது எங்கே வர வேண்டும், யார் கையில் வர வேண்டும், அதற்குமுன் எவ்வளவு அமைதி வேண்டும் என்பதையெல்லாம் அமைத்தவர் அவர். அச்சுக் கோப்பவர் சேர்த்து வைப்பதோடு நிற்கிறார். இவர் பொருந்தவும் வைக்கிறார்.

தமிழின் 'அமை' இந்த இரண்டையும் தாங்கும். வரன் அமைந்தது, நல்ல வீடு அமைந்தது என்கிறோமே, தானாகப் பொருந்தி வந்தது என்ற பொருளில். அதையே பிறவினையாக்கினால் அமைத்தான்: பொருத்தி வைத்தான். 'சேர்த்து வைத்தல்' என்ற லத்தீன் வேருக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. சங்கத் தமிழில் 'அமை' மூங்கிலுக்கும் பெயர். அகநானூற்று 82ஆம் பாட்டில், அசையும் மூங்கிலின் துளை வழியாகப் புகும் மேல்காற்று குழலிசையாக ஒலிப்பதைக் கபிலர் காட்டுகிறார். இரண்டு அமையும் ஒரே வேர் என்று சொல்ல வரவில்லை, இசைக்குப் பக்கத்திலேயே இச்சொல் நின்றிருப்பது பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், 'அமைப்பு'. சங்கம், மன்றம், கழகம் எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. அவற்றைக் கட்டி நடத்துபவர் அமைப்பாளர். கோப்லண்டுக்கு இச்சொல் இந்தப் பக்கமிருந்தும் பொருந்துகிறது. 1921இல் பிரான்சுக்குப் படிக்கப் போய், மூன்று ஆண்டுகள் நாதியா பூலான்ஜே என்ற இசை ஆசிரியையிடம் பயின்று 1924இல் திரும்பினார். அப்போது இளம் அமெரிக்கர்களின் புதிய இசையைக் கேட்க வைக்கவே மேடை குறைவு. 1928இல் ரோஜர் செஷன்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்போசருடன் சேர்ந்து அத்தகைய இசைக்கென்றே கச்சேரி வரிசை ஒன்றைத் தொடங்கி 1931வரை நடத்தினார். 1932இல் யாடோ கலைஞர் இல்லத்தில் புதிய இசைக்கு ஒரு விழா எடுத்தார். 1937இல் உருவான அமெரிக்க இசையமைப்பாளர் கூட்டமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். முதல் தலைவரும் அவரே. எழுதுகிற இசைக்கு உரிய பணம் எழுதியவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் செர்கே குசெவிட்ஸ்கி 1940இல் டாங்கிள்வுட்டில் கோடைக்கால இசைப்பள்ளி தொடங்கியபோது கற்பிக்கப் போன கோப்லண்ட், 1965வரை அங்கே தொடர்பில் இருந்தார். முதல் கோடையின் மாணவர்களில் லெனர்ட் பெர்ன்ஸ்டைனும் ஒருவர். மேடையில் இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர் கலையை பெர்ன்ஸ்டைன் குசெவிட்ஸ்கியிடம்தான் கற்றார். ஆனால் இசையமைப்பில் தமக்கு ஆசிரியர் என்று சொல்லத்தக்கவர் கோப்லண்ட்தான் என்று பின்னாளில் பெர்ன்ஸ்டைன் சொல்லியிருக்கிறார்.

இங்கே மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. குசெவிட்ஸ்கியின் பதவி 'மியூசிக் டைரக்டர்'. நம் சினிமாப் பழக்கத்தில் அதை 'இசையமைப்பாளர்' என்று போட்டுவிட்டால் தப்பு. அங்கே அது இசைக்குழுவின் தலைமை நடத்துநர். கோப்லண்டுக்கோ சினிமாப் பொருளிலும் இசையமைப்பாளர் என்ற பெயர் செல்லும். 'தி ஏரெஸ்' படத்துக்கு அவர் அமைத்த இசை ஆஸ்கர் வாங்கியது.

ஆகவே ஆளுக்கு இசையமைப்பாளர், செயலுக்கு இசையமைப்பு, கைக்கு வந்த பொருளுக்கு இசையாக்கம் என்று நான் எழுதிவருகிறேன். நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட் மேனரில், 1960இலிருந்து அவர் வாழ்ந்த வீடு இப்போது 'கோப்லண்ட் ஹவுஸ்'. அழைக்கப்படும் இசையமைப்பாளர்கள் சில வாரங்கள் அங்கே தங்கி, அவர் வேலை செய்த அறையிலேயே உட்கார்ந்து தங்கள் இசையை அமைக்கிறார்கள்.