ஆர்க்கிகிராம் – சொல் விளக்கம்

கட்டடக்கலை பற்றிப் படிக்கும்போது அடிக்கடி வந்து விழும் பெயர் இது. 1961-இல் லண்டனில் பீட்டர் குக், டேவிட் கிரீன் முதலிய இளம் கட்டடக் கலைஞர்கள் தாங்கள் வெளியிட்ட இதழுக்கு இட்ட பெயர், பிறகு குழுவுக்கே ஆகிவிட்டது.

'ஆர்க்கிடெக்சர்' என்பதன் தலையும் 'டெலிகிராம்' என்பதன் வாலும் சேர்ந்த ஒட்டுச்சொல். தடித்த பத்திரிகையாக இல்லாமல், தந்திபோல் அவசரமாகவும் சுருக்கமாகவும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது எண்ணம்.

வேரைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். கிரேக்கத்தில் 'ஆர்க்கி' தலைமை, 'டெக்டோன்' தச்சர். தமிழில் பெருந்தச்சன் என்றால் கிட்டத்தட்ட அதே பொருள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 'கிராமா' என்றால் எழுத்து. ஆக, வெட்டி ஒட்டியதில் தச்சர் காணாமல் போய் அவர் இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்தது! இவர்களுக்கு அது பொருத்தம்தான். பேர் வாங்கித் தந்த நகரங்கள் எதுவும் தாளைவிட்டு இறங்கவே இல்லை.

1963-இல் லண்டனின் சமகாலக் கலைக் கழகத்தில் 'லிவிங் சிட்டி' என்ற கண்காட்சி வைத்தார்கள். கட்டடங்களைவிட, அவற்றுக்கிடையே நடக்கும் வாழ்க்கைதான் நகரம் என்பது அதன் வாதம். அடுத்த ஆண்டு இதழின் நான்காம் வெளியீடு அறிவியல் புனைகதைச் சித்திரக்கதை பாணியில் வந்தது. அதே ஆண்டு குழுவைச் சேர்ந்த ரான் ஹெரான் 'வாக்கிங் சிட்டி' என்று காலூன்றி நகரும் ராட்சத நகரத்தை வரைந்தார். குக்கின் 'ப்ளக்-இன் சிட்டி'யில் வீடுகளைக் கிரேனால் தூக்கிச் செருகலாம், கழற்றலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஆயுள் குறித்திருந்தார்: முதன்மைச் சட்டகத்துக்கு 40 ஆண்டு, சமையலறைக்கும் குளியலறைக்கும் 3 ஆண்டு, கடையின் விற்பனை இடத்துக்கு வெறும் 6 மாதம். துணிச்சலான கணக்குதான், பழைய சமையலறைகளை எங்கே கொட்டுவது என்ற கேள்வி இன்று உடனே எழும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பொருள் விளக்க 'கட்டடத் தந்தி' எனலாம். நாளிதழின் பெயரிலேயே தந்தியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். 'கட்டட மடல்' என்றால் அவசரம் போய்விடுகிறது. குழுவைக் குறிக்கும்போது மட்டும் ஆர்க்கிகிராம் என்றே எழுதுவது நல்லது, அது இடுபெயர். படைப்புகளுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம்: 'ப்ளக்-இன் சிட்டி' செருகு நகரம், 'வாக்கிங் சிட்டி' நடக்கும் நகரம்.