டிஃபிப்ரிலேஷன்: உதறல்நீக்கம்

‘நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுத்து மறுபடி ஓடவைத்தார்கள்’ என்று செய்திகளில் படிக்கிறோம். திரைப்படங்களில் இன்னும் மோசம்: மானிட்டரில் கோடு நேராக ஓடும், மருத்துவர் இரண்டு தட்டுகளைத் தேய்த்து நெஞ்சில் வைப்பார், உடல் துள்ளும், துடிப்பு திரும்பிவிடும். உண்மையில், கோடு நேராக ஓடினால் ஷாக் தரமாட்டார்கள். நெஞ்சை விடாமல் அழுத்துவதும் மருந்தும்தான் வழி. டிஃபிப்ரிலேட்டர் தாறுமாறாக உதறிக்கொண்டிருக்கும் இதயத்துக்கான கருவி. அந்த உதறலை அது ஒரு கணத்தில் அடக்கிவிடுகிறது. பிறகு ஒழுங்கான துடிப்பைத் தொடங்குவது இதயத்தின் சொந்த வேலை.

சொல்லிலேயே இது இருக்கிறது. லத்தீனில் ‘ஃபைப்ரா’ என்றால் நார், ‘ஃபைப்ரில்லா’ சிறுநார். இதயத்தசை நார் நாராக ஆனது. எல்லா நார்களும் ஒரே கட்டளைக்குச் சுருங்கினால் துடிப்பு. ஒவ்வொரு நாரும் தன்போக்கில் சுருங்கினால் ஃபிப்ரிலேஷன். 1874இல் பிரெஞ்சு மருத்துவர் வல்பியான் இதற்கு ‘நார் அசைவு’ என்ற பொருளில் பெயர் வைத்தார். நெஞ்சைத் திறந்து இந்த நிலையைப் பார்த்த அறுவை மருத்துவர்கள் ‘புழுக்கள் நெளியும் பை’ என்பார்கள். பை முழுக்க அசைவு, ஆனால் ஒரு சொட்டு ரத்தம்கூட உருப்படியாக வெளியே போவதில்லை. முன்னால் உள்ள ‘டி’ நீக்கத்தைக் குறிக்கும் ஒட்டு. ‘ஓட்டுதல்’, ‘உயிர்ப்பித்தல்’ என்ற பொருள் இந்தச் சொல்லின் எந்தப் பகுதியிலும் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘துடிப்பு’ என்று தொடங்கினால் சிக்கல். தமிழில் இதயமும் துடிக்கிறது, கரையில் விழுந்த மீனும் துடிக்கிறது. முன்னது சீரானது, பின்னது சாகும் தறுவாயில் வருவது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் மருத்துவத்தில் குழப்பம்தான் மிஞ்சும். துடிப்பை நல்ல இயக்கத்துக்கே விட்டுவிடலாம். ‘குறுநடுக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் நடுக்கம் என்றால் நிலநடுக்கம்போல, குளிர்நடுக்கம்போல முழுதும் சேர்ந்து ஆடுவதுதான் மனத்தில் வருகிறது. என் வாக்கு ‘உதறல்’ என்பதற்கு. கைகால் உதறும்போது அது நம் கட்டுப்பாட்டில் இல்லை, அதனால் ஒரு வேலையும் நடப்பதில்லை. இதயத்தின் நிலையும் அப்படித்தான். ஆகவே மேலறையில் வந்தால் மேலறை உதறல், கீழறையில் வந்தால் கீழறை உதறல். முன்னதோடு பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். பின்னது சில நிமிடங்களில் கொன்றுவிடும். செயல் உதறல்நீக்கம், கருவி உதறல்நீக்கி. கருவியின் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்து எழுதினால் ‘நீக்கி’ வினையெச்சமாகி, ‘உதறல் நீக்கி வந்தது’ என்ற வாக்கியம் என்ன சொல்கிறது என்றே தெரியாது.

போகிற போக்கில் இன்னொரு திருத்தம். மாரடைப்பு வேறு, இதயமுடக்கம் (கார்டியாக் அரெஸ்ட்) வேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் விழிப்போடு இருந்து வலியைச் சொல்வார். இதயமுடக்கத்தில் ரத்த ஓட்டமே அறுந்து, ஆள் நினைவிழந்து விழுந்துவிடுகிறார். முன்னது பின்னதற்குக் காரணமாகலாம், அவ்வளவுதான். ‘இதய நிறுத்தம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பஸ் நிறுத்தத்தை நினைவூட்டுகிறது. மேலும், உதறும் இதயம் நிற்கவில்லை. வேலை முடங்கிக் கிடக்கிறது. முடக்கம்தான் பொருத்தம்.

மின்சாரம் இதயத்தை உதறவைக்கும் என்பது 1850இலேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் ஹோஃபா, லுத்விக் இருவரின் ஆய்வில் தெரிந்துவிட்டது. அதே மின்சாரத்தை வலுவாகச் செலுத்தினால் உதறல் அடங்கும் என்று 1899இல் ஜெனீவாவில் ப்ரெவோ, பத்தெல்லி என்ற உடலியல் ஆய்வாளர்கள் நாய்களிடம் கண்டார்கள். மனிதருக்கு வர 1947 ஆயிற்று: அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக், 14 வயதுச் சிறுவன் ஒருவனின் திறந்த நெஞ்சுக்குள் இதயத்தின்மேலேயே மின்சாரம் பாய்ச்சிப் பிழைக்கவைத்தார். 1956இல் அமெரிக்க இதய மருத்துவர் பால் ஸோல் நெஞ்சைத் திறக்காமலே செய்துகாட்டினார். 1965இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் கார் பேட்டரியில் இயங்கும் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை ஏறக்குறைய 70 கிலோ. மருத்துவமனைக்கு வெளியே உதறல்நீக்கம் என்ற துறை அந்த வண்டியில்தான் புறப்பட்டது.

அந்தத் துறையின் அண்மைக் கேள்வி: மூன்று முறை அதிர்ச்சி கொடுத்தும் உதறல் அடங்காவிட்டால்? இதை ‘அடங்கா உதறல்’ எனலாம். வழக்கமான முறையில் ஓர் ஒட்டுத்தகடு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே. நான்காவது அதிர்ச்சியையும் இதே வழியில்தான் செலுத்த வேண்டுமா என்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆறு ஆம்புலன்ஸ் சேவைகள் சோதித்தன. முடிவு 2022இல் வெளிவந்தது. மூன்று வழிகள்: பழையபடியே தொடர்வது, ஒரு தகட்டை நெஞ்சின் முன்புறமும் மற்றதை முதுகிலும் ஒட்டி மின்சாரம் பாயும் திசையை மாற்றுவது, இரண்டு கருவிகளைக் கொண்டு, இரண்டு திசையிலும் ஒன்றையடுத்து ஒன்றாக அதிர்ச்சி கொடுப்பது. எந்த வழி என்பதை நோயாளிக்கு நோயாளி சீட்டுப்போட்டு முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு சேவையும் ஆறு மாதம் ஒரு வழியைப் பின்பற்றி, பிறகு அடுத்ததற்கு மாறியது. தரையில் கிடக்கும் ஆளின் அருகே மண்டியிட்டிருப்பவர் சீட்டு வைத்த உறையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

பெருந்தொற்றுக் காலத்தின் நெருக்கடியால் சோதனை முன்கூட்டியே முடிந்தது. சேர்ந்தவர்கள் 405 பேர். உயிரோடு வீடு திரும்பியவர்கள் பழைய வழியில் 13.3 சதவீதம், திசை மாற்றியதில் 21.7, இரு கருவிகளில் 30.4. நரம்புச் செயல்பாடு நல்ல நிலையில் மிஞ்சியவர்களைப் பார்த்தால் 11.2, 16.2, 27.4. திசைமாற்றத்தின் பலன் இந்த இரண்டாவது கணக்கில் உறுதிப்படவில்லை. இரு கருவிகளின் பலன் உறுதிப்பட்டது. எண்ணிக்கை சிறியது, சோதனை பாதியில் நின்றது. ஆகவே இதைத் தீர்ப்பு என்று நான் எழுதமாட்டேன். ஆனால் இரண்டாவது கருவி கைவசம் இல்லாத வண்டியிலும் தகட்டை இடம் மாற்றி ஒட்டலாம் என்பதைக் கவனியுங்கள். அதற்குச் செலவு புதுத் தகடுகள், சில நொடிகள்.

முதல் மாற்று வழியைத் ‘திசைமாற்ற உதறல்நீக்கம்’ என்றால் போதும். இரண்டாவதில்தான், ஆங்கிலத்தில் ‘டபுள் சீக்வென்ஷியல்’ எனப்படுவதில்தான், மொழிபெயர்ப்பாளர் சறுக்குகிறார். ‘இரட்டைத் தொடர் உதறல்நீக்கம்’ என்று எழுதினால், மின்சாரம் விடாமல் தொடர்ந்து பாய்கிறது என்று படிப்பவர் எண்ணக்கூடும். ‘இரட்டை’ என்று மட்டும் விட்டால் இரண்டும் ஒரே நொடியில் பாய்வதாகத் தோன்றும். சோதனையில் ஒரே ஆள் முதல் பொத்தானை அழுத்தி, மறுகணம் அடுத்ததை அழுத்தினார். இரண்டும் ஒருசேரப் பாய்ந்தால் கருவிகள் பழுதாகக்கூடும் என்பதால்தான் நடுவே அந்த இமைப்பொழுது இடைவெளி. அதைச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அடுத்தடுத்து. ‘அடுத்தடுத்த இரட்டை உதறல்நீக்கம்’ கொஞ்சம் நீளம்தான். ஆனால் படித்தவர் இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்தமாட்டார்.