ரூபியா: அழுக்கா, சிப்பியா?

ரூபியா என்றதும் இந்திக்காரர்களின் ரூபாய்தான் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தோல் மருத்துவத்தில், புண்ணின் மேல் அடுக்கடுக்காகக் கட்டும் கெட்டிப் பொருக்குக்கு இந்தப் பெயர். ரைப்போஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொருள்: அழுக்கு.

சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் இரண்டாம் கட்டத்தில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பே இல்லாத செம்பழுப்புத் தடிப்புகள் வருவதுதான் வழக்கம். எச்ஐவி உள்ள சிலருக்கு, அதிலும் எதிர்ப்புச் சக்தி நன்றாக இறங்கியவர்களுக்கு, அபூர்வமாக வேறு மாதிரி ஆகும். முடிச்சு முடிச்சாக எழும்பி, நடுவில் உடைந்து புண்ணாகும். கசிவது காய்ந்து ஒரு பொருக்கு கட்டும். அடியில் புண் அகலும். முதல் பொருக்குக்குக் கீழே அதைவிடப் பெரிதாக இன்னொன்று. இப்படியே அடுக்கு ஏறி, கவிழ்த்து வைத்த சிப்பி போல நிற்கும். இதுதான் ரூபியா. இந்த வகை சிபிலிஸுக்கு லூயஸ் மாலிக்னா என்று பெயர். மாலிக்னா என்றதும் புற்றுநோய் என்று பதற வேண்டாம்; கடுமையானது என்றுதான் பொருள்.

சரி, ரூபியாவைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'அழுக்குப் புண்' என்றால் மூலத்துக்கு நேர்தான். ஆனால் இந்த நோயாளிகள் கேட்காத வசையா? சிபிலிஸுக்கு நாம் வைத்த பெயரே பறங்கிப்புண். பழியைப் பறங்கியர் தலையில் கட்டியாயிற்று. இத்தாலியர்கள் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். மேகநோய் என்பதோ எல்லாப் பால்வினை நோய்க்கும் பொதுவாக ஓடும் சொல்.

'பக்கு' நல்ல பேச்சுச் சொல். ஆனால் சிராய்ப்பில் கட்டி இரண்டு நாளில் உதிர்வதும் பக்குதானே? குளத்துச் சேறு காய்ந்து ஏடு ஏடாகப் பெயர்வதைப் பொருக்கு என்கிறோம். அந்த அடுக்கு இங்கே தேவை. ஆகவே என் ஓட்டு 'சிப்பிப்பொருக்கு' என்பதற்கு.

பார்த்தால் சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல்நோய் என்றே தோன்றக்கூடும். சிபிலிஸைக் கண்டுபிடிக்கச் செய்யும் விடிஆர்எல் ரத்தப் பரிசோதனையும் சில சமயம் ஏமாற்றும்: எதிர்ப்பொருள் மிதமிஞ்சி இருந்தால் 'இல்லை' என்று காட்டும், ரத்த மாதிரியை நீர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். மருந்து என்னவோ பழைய பென்சிலின்தான். தொடக்கநிலை சிபிலிஸுக்கு (இரண்டாம் கட்டமும் இதில் சேர்த்திதான்), எச்ஐவி இருந்தாலும், 24 லட்சம் யூனிட் பென்சத்தின் பென்சிலின் ஒரே தடவை, இடுப்பில் ஊசியாக. அன்றிரவு காய்ச்சல் அடிக்கலாம். கிருமி சாவதால் வருவது. அப்புறம் சில வாரங்களில் சிப்பி கழன்றுவிடும், தழும்பு மட்டும் நிற்கும்.