டிராவல் நர்ஸ்களே, அந்த 50 மைல் கணக்கை விட்டுவிடுங்கள்

அமெரிக்காவில் குறுகிய கால ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் டிராவல் நர்ஸ்களுக்கு வரிக்கணக்கு பார்ப்பவன் நான். இந்த வருடமும் ஒரு நர்ஸ் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கடிதத்தோடு வந்தார். டல்லாஸில் வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை அண்ணன் வீட்டு கராஜில் போட்டுவிட்டு, 13 வார ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா போனவர். நீட்டித்து நீட்டித்து ஒரே மருத்துவமனையில் ஒரு வருடம் தாண்டிவிட்டது. தங்கவும் சாப்பிடவும், வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி தந்த ஸ்டைபண்ட் (படிப்பணம்) முழுவதையும் வரியில்லாமல் வாங்கியிருக்கிறார்.

"50 மைலுக்கு மேல போனா வரி இல்லன்னு எல்லாரும் சொன்னாங்களே அண்ணா?"

எல்லாரும் தவறாகச் சொல்கிறார்கள். டிராவல் நர்ஸ் ஸ்டைபண்டுக்கு வரிச் சட்டத்தில் அப்படியொரு 50 மைல் விதியே இல்லை. உள்ளூர்க்காரர்களை டிராவலர் சம்பளத்தில் எடுக்காமலிருக்க மருத்துவமனைகளும் ஏஜென்சிகளும் தாங்களே வைத்துக்கொண்ட எல்லை அது. 60 மைல் தள்ளி வேலை பார்த்துவிட்டு தினமும் வீட்டுக்கு வந்து தூங்குகிறீர்களா? ஸ்டைபண்டுக்கு வரி உண்டு. 1,500 மைல் போயும் பின்னால் செலவு செய்து காப்பாற்றும் வீடு இல்லையா? அப்போதும் வரி உண்டு. ஐஆர்எஸ் பார்ப்பது உங்கள் டாக்ஸ் ஹோமை, அதாவது வரிக்கணக்கில் உங்கள் ஊர் எது என்பதை. சொந்த ஊரில் கொஞ்சமாவது வேலை பார்க்கிறீர்களா, இங்கும் அங்குமாக இரட்டைச் செலவு ஆகிறதா, அந்த ஊரோடு தொடர்பு அறுந்துபோகவில்லையா என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அண்ணன் வீட்டு முகவரியும் டிரைவிங் லைசென்ஸும் மட்டும் போதாது.

அண்ணன் வீடுதான் உங்கள் வீடு என்றால், நியாயமான வாடகையை மாதாமாதம் வங்கி வழியாகக் கொடுங்கள். ரசீதுகளை எறியாதீர்கள். ஏஜென்சி தரும் டாக்ஸ் ஹோம் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். வரி, வட்டி, அபராதம் மூன்றும் உங்களிடம்தான் வரும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாவிட்டாலும் கலிஃபோர்னியாவில் சம்பாதித்ததற்கு அங்கே தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. மணிச் சம்பளத்தைக் குறைத்து ஸ்டைபண்டை ஏற்றித் தரும் ஒப்பந்தத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) அந்தக் குறைந்த சம்பளத்தில்தான் கணக்காகும். வீட்டுக் கடன் கேட்கும்போதும் பல வங்கிகள் அதைத்தான் பார்க்கும்.

அப்புறம், ஒரே ஊரில் 13 வார ஒப்பந்தமும் அதே அளவு மூன்று நீட்டிப்பும் முடிந்தாலே 52 வாரம். ஒரு வருடத்துக்கு மேல் போகும் என்று தெரிந்த நாளிலிருந்தே அந்த ஸ்டைபண்ட் வரிக்குள் வந்துவிடும். தயவுசெய்து அடுத்த நீட்டிப்பில் கையெழுத்துப் போடும் முன் ஒரு போன் செய்யுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை 7 மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.